வேர்க்கிறது குற்றமே?

அக்காவின் வலது உள்ளங்கையில் எப்போதும் ஒரு பழைய நைலோன் காலுறை சுருண்டு கிடக்கும். பார்க்கிறவர்கள் கையில் ஏதோ காயம், கட்டுப் போட்டிருக்கிறார் என்று நினைப்பார்கள். நானும் முதல்நாள் அப்படித்தான் நினைத்தேன்.

யாழ்ப்பாணத்தில் பஸ் நிலையத்துக்கும் சந்தைக்கும் நடுவே ஒரு புடவைக்கடை. எனக்கு முன்பே பல வருடங்களாக அக்கா அங்கே வேலை செய்துகொண்டிருந்தார். நான் சண்டிலிப்பாயிலிருந்து போய்ப் புதிதாகச் சேர்ந்தவள். வைகாசி வெயில். பஸ்ஸில் நெரிபட்டு, இறங்கி ஓடிக் கடைக்குள் நுழைந்தபோது என் வெளிர்பச்சைச் சல்வாரில் கைக்கு அடியில் கமக்கட்டு இரண்டும் வேர்வையில் நனைந்து கரும்பச்சையாகிவிட்டிருந்தன. உள்ளே விற்பனைக்கு நிற்கிற பெடியன்கள் வரிசையாக நின்று புதிதாக வந்தவளைப் பார்த்தார்கள். கையைத் தூக்கி வணக்கம் சொல்லவும் முடியாமல், சும்மா நிற்கவும் முடியாமல் நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

மெலிந்து உயர்ந்த ஒரு பெண் வந்தார். அவர்தான் கடையில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவர். என் முகத்தை மட்டும்தான் பார்த்தார். மடித்த சேலைகளில் ஓர் அடுக்கை எடுத்து என் கையில் திணித்தார்.

“இதை நெஞ்சோடை அணைச்சுப் பிடிச்சுக்கொண்டு மேலை போ பிள்ளை. அங்கை ஒரு காத்தாடி இருக்கு. அதுக்குக் கீழை நிண்டு ஒவ்வொண்டா உதறி மடி. அவசரமில்லை.”

மேலே போய்ப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் ஏற்கனவே ஒழுங்காக மடித்திருந்த சேலைகள். நான் காய்ந்து முடியும்வரைக்கும் எனக்கு அந்த வேலை இருந்தது.

கடையில் உடுப்புப் போட்டுப் பார்ப்பதற்கு ஓரிடம் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே பலகை அடித்து, முன்னால் திரை தொங்கவிட்ட மூலை. உள்ளே காற்று என்பதே கிடையாது. சந்தையெல்லாம் அலைந்து வேர்த்து வருகிற பெண்கள் அதற்குள் நுழைந்து, கறுப்பிலும் கடும் நீலத்திலும் சட்டைகளைப் போட்டுக் கழற்றுவார்கள். கழற்றும்போது கமக்கட்டுப் பக்கத்தில் சுண்ணாம்பு இழுத்ததுபோல வெள்ளைத் தடம் பதிந்திருக்கும். வேர்வை நாற்றத்துக்குப் பூசுகிற டியோடரன்ட்டின் தடம். முதலாளிக்கு அதைக் கண்டால் ஆகாது. உடுப்பைக் கதவடி வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, கடையில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கும்படி, “தங்கச்சி, இது இனி உங்கடை சாமான், காசைக் கட்டிப்போட்டு எடுத்துக்கொண்டு போங்கோ” என்பார். அதற்குப் பிறகு அந்தப் பெண் எங்கே பார்ப்பாள்?

அதனால் அக்கா திரையை விட்டு அசையமாட்டார். கழற்றிய உடுப்பு திரைக்கு மேலால் வந்ததும் வாங்கிக்கொண்டு மறுபக்கம் திரும்புவார். காலுறை சுற்றிய கை நாலைந்து தரம் போய்வரும். அவ்வளவுதான், தடம் போய்விடும். ஈரத்துணி வைத்துத் துடைக்கப்போன என் கையை ஒருமுறை தட்டிவிட்டார்.

“தண்ணி காட்டாதை. காஞ்சபடியே தேய்க்க வேணும். தண்ணி பட்டால் கரைஞ்சு பரவும், பிறகு முதலாளிக்குத் தூரத்திலையே தெரியும்.”

எங்கள் சொந்த உடுப்புகளுக்கும் அவர்தான் வைத்தியர். வெள்ளைச் சட்டையில் மஞ்சள் படிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், “புளீச் ஊத்தினியோ? ஊத்தினால் இன்னும் மஞ்சளாகும். அப்பச்சோடாவைக் குழைச்சுப் பூசிவிட்டு வெயில் தாழ அலசு” என்பார். மினுக்குவதற்கு முன்னால் மணந்து பார்க்கச் சொல்வார். மணம் மிச்சமிருந்தால் அயன் வைக்கக்கூடாது. சூடு பட்டதென்றால் கறை அங்கேயே குடியேறிவிடும் என்பது அவருடைய கட்சி. இதையெல்லாம் ரகசியம் போலத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார். கேட்டவருக்கு வேர்க்கிறது என்பது மூன்றாம் ஆளுக்குத் தெரிந்துவிடக் கூடாது.

“வேர்க்கிறது குற்றமே?” அவர் அடிக்கடி சொல்கிற சொல் அது. மன்னிப்புக் கேட்பதுபோல நெளிகிற பெண்களிடம் சொல்வார். பிந்தி வந்த என்னிடமும், பில்லைப் பிழையாக எழுதிய காசாளரிடமும், வீட்டுக் கவலையில் களஞ்சிய அறைக்குள் நின்று அழுத பெடியனிடமும் அதே ராகத்தில்தான்: “அழுறது குற்றமே?”

ஒருநாள் பருத்த அம்மா ஒருவர் ஆயத்த பிளவுசுக்குள் மாட்டிக்கொண்டார். ஏறியது இறங்கவில்லை. கூட வந்த மருமகள்மார் வெளியில் நின்று வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அக்கா உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அவருடைய குரல் கடை முழுக்கக் கேட்டது.

“முதலாளி, இந்த முறை வந்த பிளவுசிலை சிப் ஒண்டும் சரியில்லை, இழுபடுதில்லை. என்ரை நகமும் பிஞ்சு போச்சு, பாருங்கோ!”

நகம் பிய்ந்தது உண்மைதான். தானே பிய்த்துக்கொண்டாரோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

இப்படி ஒருவரை யார்தான் விரும்பமாட்டார்கள்? நாங்கள் எல்லாரும் அவர்மேல் உயிராக இருந்தோம். ஆனால் ஒரேயொரு முறை எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. பளபளக்கிற சற்றின் துணியொன்றை அளவு மாறி வெட்டிவிட்டேன். ஒரு பெரிய துண்டு வீணாய்ப் போனது. அது என் பிழை. முதலாளி காலைத் தேத்தண்ணி குடித்து முடித்ததும் போய்ச் சொல்வதென்று முடிவெடுத்து, சொல்லவேண்டிய வசனத்தைக்கூட மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். பயமாகவும் இருந்தது, உள்ளே எங்கோ கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நான் மேசையடிக்குப் போய்ச் சேர்வதற்குள் அக்கா சொல்லிவிட்டார்.

“நான்தான் மாறி வெட்டிப்போட்டன் முதலாளி. கண் இப்ப கொஞ்சம் தெரியுதில்லை.”

முதலாளி அவரைக் கிழித்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பின்னேரம் நான் சண்டைக்குப் போனேன்.

“நான் சொல்ல வெளிக்கிட்டனான் அக்கா. ஏன் குறுக்கை வந்தனீங்கள்?”

“நீ ஏன் சொல்ல வேணும்? புதுப்பிள்ளை, உன்ரை முகம் கறுத்தால் எனக்குப் பாக்க ஏலாது.”

“அது என்ரை முகம்தானே!”

அவர் சிரித்துவிட்டு என் தலையைத் தடவினார். என் கோபம் அவருக்கு விளங்கவே இல்லை.

தன்னைப் பற்றி அக்கா அதிகம் கதைக்கமாட்டார். குருநகர்க்காரர், தம்பி கடலுக்குப் போகிறவர், தம்பியின் குடும்பத்தோடு இருக்கிறார், கலியாணம் செய்யவில்லை என்ற அளவுக்குத்தான் எங்களுக்குத் தெரியும். ஒருநாள் மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, ஏனோ தெரியாது, தானாகவே ஒன்று சொன்னார். பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தாராம். விடியவே தகப்பனோடு கடற்கரைக்குப் போய் மீன் தரம் பிரித்துவிட்டு, கை கழுவிக்கொண்டு ஓடிவருவாராம். ஒருநாள் ரீச்சர் வகுப்புக்குள் வந்து மூக்கைச் சுளித்து, “ஆர் இங்கை மீன் வெடுக்கோடை வந்திருக்கிறது? எழும்பு” என்று கேட்டாராம்.

“எழும்பினனான். ஜன்னலடியிலை போய் நில் எண்டா. பாடம் முடியுமட்டும் நிண்டன்.” சோற்றைக் குழைத்தபடியே சொன்னார். “எல்லாப் பிள்ளையளும் என்னையே பாத்துக்கொண்டு இருந்ததுகள். நாப்பது பிள்ளையள். ஒருத்தராவது தும்மியிருக்கலாம்.”

தும்மியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. ஒரு கணமாவது எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பியிருப்பார்கள். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அவர் மற்றவர்களுக்காகத் தும்மிக்கொண்டே இருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஒரு சித்திரை மாதம் கலியாணப்பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். கரவெட்டிப் பிள்ளை. கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை லண்டன், மாப்பிள்ளையின் தாயும் தமக்கையும் இங்கே இருந்தார்கள். வரவேற்புக்கு உடுப்பு எடுத்துத் தருவதற்காக அவர்கள் பெண்ணையும் பெண்ணின் தாயையும் கூட்டிவந்திருந்தார்கள். பெரிய வியாபாரம். முதலாளி தானே எழுந்து வந்து, குளிர்பானம் எடுப்பித்து, இந்தியாவிலிருந்து வந்த உடுப்புகளைத் தன் கையால் விரித்துக் காட்டினார்.

கத்தரிப்பூ நிறத்தில், கல் பதித்த ஒரு நீளச் சட்டை எல்லாருக்கும் பிடித்தது. பிள்ளை அதை வாங்கிக்கொண்டு திரைக்குள் போனாள். அவள் நடக்கும்போதே நான் கவனித்தேன்: கைப்பையை விலாவோடு இறுக்கிக்கொண்டு, மேல்கை இரண்டையும் உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு நடந்தாள். உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. டிஷூப் பேப்பர் கிழிகிற சத்தம் மட்டும் கேட்டது. அக்கா என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

பிள்ளை சட்டையோடு வெளியே வந்து காட்டினாள், திரும்ப உள்ளே போனாள், கழற்றினாள். திரைக்கு மேலால் சட்டை வந்தது. அக்கா கையை நீட்டுவதற்குள் முதலாளி எட்டி வாங்கிவிட்டார். மற்ற நாட்களில் அவர் அந்தப் பக்கம் வருவதே இல்லை. அன்று லண்டன் வியாபாரம், தானே பொதி கட்டிக் கொடுக்க ஆசைப்பட்டார்.

மேசையில் விரித்து மடிக்கும்போது கை நின்றது. இரண்டு கமக்கட்டிலும் வெள்ளை அப்பிக் கிடந்தது. சும்மா ஒரு கோடில்லை, பசைபோலத் திரண்டிருந்தது.

பெரிய வியாபாரம், முதலாளி காணாததுபோல மடித்து வைத்திருப்பார். மாப்பிள்ளையின் தாய்தான் கண்டுவிட்டார். கிட்ட வந்து ஒரு விரலால் தொட்டு, அந்த விரலை மூக்கடிக்குக் கொண்டுபோனார்.

“என்ன இது, இவ்வளவு அப்பியிருக்கு? ஏன் பிள்ளை, உமக்கு ஏதும் வருத்தமோ, நோயோ? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.”

பெண்ணின் தாய்க்கு முகம் செத்துப்போனது. பிள்ளை திரையை விலக்கிக்கொண்டு அந்த இடத்திலேயே நின்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் ஒரு முறை மூச்சை இழுத்து, தலையை நிமிர்த்தி, மாமியாரை நேரே பார்த்து வாயைத் திறந்தாள்.

“அது நான் அம்மா.” அக்காவின் குரல். “நேற்று ஆசையிலை நான்தான் போட்டுப் பாத்தனான். தம்பியின்ரை பிள்ளைக்குக் கோயிலிலை முதல்நன்மை, அதுக்குப் போட்டுக்கொண்டு போகலாமோ எண்டு... என்ரை பிழை. தங்கச்சி இப்பதான் போட்டவ, அவவிலை ஒண்டுமில்லை.”

பிள்ளையின் வாய் மூடிக்கொண்டது.

மாமியாருடைய முகம் மாறியது. கோபம் இப்போது கடைப்பக்கம் திரும்பியது. “கடையிலை வேலை செய்யிறவை போட்டுக் கழட்டின உடுப்பையோ எங்கடை மருமகளுக்குக் காட்டுறியள்?” என்றார். எங்கடை மருமகள் என்று சொன்னபோது பிள்ளையின் தோளில் கை போட்டுக்கொண்டார். ஒன்றும் வாங்காமல் நாலு பேரும் இறங்கிப் போனார்கள். வாசலில் வைத்துப் பிள்ளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நன்றி சொல்கிற பார்வை என்றுதான் அப்போது நான் நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், மெல்லத் தலையை ஆட்டினார்.

அன்று கடை பூட்டுவதற்கு முன்பே அவருடைய வேலை போய்விட்டது. நானும் காசாளரும் முதலாளியிடம் போய், அக்கா அந்தச் சட்டையைத் தொட்டதே இல்லை என்று சொன்னோம். “அவவே சொன்னவ. பிறகு நீங்கள் என்ன?” என்று கேட்டார். அக்காவோ பையைத் தோளில் போட்டுக்கொண்டு, “விடுங்கோ பிள்ளையள். ஒரு பொம்பிளைப்பிள்ளையின்ரை வாழ்க்கை. எனக்கு வேறை கடையே இல்லை?” என்றார்.

வேறு கடை கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு வீதியில் நடந்தது அடுத்த வீதிக்குப் போக எவ்வளவு நேரம் வேண்டும்? விற்கிற உடுப்பைப் போட்டுக்கொண்டு கலியாண வீடுகளுக்குப் போகிறவ என்று கதை வளர்ந்தது. கேட்டுப் போன கடைகளிலெல்லாம் ஆள் தேவையில்லை என்றார்கள். அக்கா வீட்டில் இருந்தபடி உடுப்புத் தோய்த்துக் கொடுக்கத் தொடங்கினார். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள், கோயில் பாடகர் குழுவின் வெள்ளை உடுப்புகள், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களின் மேல்சட்டைகள். கறை எடுக்கிற வினாகிரியில் ஊறி ஊறி விரல்களின் தோல் வெடித்திருந்தது. நான் இடைக்கிடை போவேன். ஒருநாளும் குறை சொன்னதில்லை. “அந்தப் பிள்ளை இப்ப லண்டனிலை இருக்கும்” என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் முகம் தெளியும்.

அடுத்த வருடம் ஆவணி என்று நினைக்கிறேன். ஒரு சனிக்கிழமை கடைக்குள் ஒரு பெண் வந்து என் முன்னால் நின்றாள். “என்னைத் தெரியுதோ? அந்த அக்கா எங்கை?” என்று கேட்டாள். கத்தரிப்பூச் சட்டைப் பிள்ளை. மெலிந்து போயிருந்தாள். வெளிர்நீலப் பருத்திச் சட்டை, கமக்கட்டிலிருந்து இடுப்பு வரைக்கும் நனைந்திருந்தது. கைப்பையைத் தோளில் பின்பக்கமாகத் தொங்கவிட்டிருந்தாள். எதையும் மறைக்கவில்லை.

அக்கா வேலையை விட்டுவிட்டார் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவள் விடாமல் கேட்டாள். சொல்லத்தான் வேண்டி வந்தது. கேட்டுவிட்டு அழுதாள். மத்தியானம் என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு குருநகருக்குப் போனேன்.

அக்காவுக்கு வந்த சந்தோசத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்யும். முற்றத்துக் கொடியில் காய்ந்த சட்டைகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். கதிரை எடுத்துப் போட்டார், காற்றாடியை அவள் பக்கம் திருப்பினார். “எப்ப லண்டனிலையிருந்து வந்தனீ? மாப்பிள்ளை சுகமோ?” என்று மூச்சுவிடாமல் கேட்டார்.

“நான் போகேல்லை அக்கா,” என்றாள் பிள்ளை. “பிரிஞ்சாச்சு.”

அக்கா கட்டிலில் உட்கார்ந்தார்.

அவள் தலையைக் குனியாமல்தான் சொன்னாள். கலியாணம் முடிந்து மாப்பிள்ளை திரும்பிப் போய்விட்டார். விசா வரும்வரைக்கும் மாமியார் வீட்டில் இருந்தாள். ஒரு மாதத்துக்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. அவளுடைய உடுப்பைத் தனியாகத் தோய்க்கச் சொன்னார்கள். கட்டில் விரிப்பை மாமியார் தினமும் மணந்து பார்த்தார். ஆட்கள் வந்தால் அவளை அறைக்குள் இருக்கச் சொன்னார்.

“கடைசியிலை அம்மாவைக் கூப்பிட்டு, வருத்தத்தை மறைச்சுக் கட்டி வைச்சிட்டியள் எண்டு ஊர் கேக்கக் கத்தினா. அம்மா அவவின்ரை காலிலை விழுந்தவ அக்கா. அதைத்தான் எனக்குப் பொறுக்க ஏலாமல் போச்சு.”

வெளியில் யாரோ வலை ஏற்றிய சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள்.

“நான் உங்களிலை பிழை சொல்ல வரேல்லை,” என்றாள் பிள்ளை. “எனக்காண்டி வேலையை இழந்திருக்கிறியள். அது இண்டைக்குத்தான் தெரியும். ஆனால் ஒண்டு சொல்ல வேணும் எண்டு எவ்வளவு காலமா நினைச்சுக்கொண்டிருந்தனான். அண்டைக்கு நான் சொல்லத்தான் வாயைத் திறந்தனான் அக்கா. கலியாணம் பேசின நாளிலையிருந்து சொல்ல வேணும் எண்டு அம்மாவோடை சண்டை. உடுப்பு எடுக்கேக்கை எப்பிடியும் தெரியத்தானே போகுது, அங்கை வைச்சுச் சொல்லிப்போடுறது எண்டு நினைச்சுக்கொண்டுதான் வந்தனான். நீங்கள் முந்திப்போட்டியள். பிறகு எனக்கு அந்தத் துணிவு வரேல்லை.”

“சொல்லியிருந்தால்?” அக்காவின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“வேண்டாமெண்டு போயிருப்பினம். அம்மா ரெண்டு நாள் அழுதிருப்பா.”

அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஏதாவது சமாதானம் சொல்வார், கதையை மாற்றுவார், தேத்தண்ணி என்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் நிமிர்ந்து அந்தப் பிள்ளையைப் பார்த்தார்.

“அண்டைக்கு என்ன சொல்ல இருந்தனீ?”

“இப்ப ஏனக்கா?”

“சொல்லு பிள்ளை. நான் கேக்க வேணும்.”

பிள்ளை என்னைப் பார்த்தாள். அவள் கதிரையில் நேராக இருந்துகொண்டாள். சுவர்ப் பக்கம் பார்த்து, அங்கே யாரோ நிற்பதுபோலச் சொல்லத் தொடங்கினாள்.

“ஓம் மாமி. எனக்கு நல்லா வேர்க்கும். சின்னனிலையிருந்தே அப்பிடித்தான். மருந்தும் எடுத்தனான், மாறேல்லை. தொத்துற வருத்தமில்லை எண்டு டொக்டர் சொன்னவர்...” அதற்குமேல் குரல் உடைந்தது.

அக்காவின் வலது கை மடியிலிருந்து எழும்பியது. “காணும் பிள்ளை, விடு” என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மற்றக் கையால் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்து அழுத்திக்கொண்டார். பிள்ளை மூக்கை உறிஞ்சிவிட்டுத் தொடர்ந்தாள்.

“...இந்தச் சட்டையிலை இருக்கிறது என்ரை வேர்வைதான். உங்களுக்கு விருப்பமெண்டால் செய்யுங்கோ. இல்லையெண்டால் இப்பவே சொல்லுங்கோ. எனக்கு வெக்கமில்லை.”

முடித்துவிட்டாள்.

“வடிவாச் சொல்லியிருப்பாய்,” என்றார் அக்கா. “நான் விட்டிருந்தால் வடிவாச் சொல்லியிருப்பாய்.”

பிறகு தேத்தண்ணி வைக்கிறேன் என்று எழுந்து குசினிக்குப் போனார். அடுத்த வருடம் தம்பியின் குடும்பத்தோடு மன்னார்ப் பக்கம் போய்விட்டார். என்னிடமிருந்த தொலைபேசி இலக்கமும் பிறகு வேலை செய்யவில்லை. அவரோடு நான் கடைசியாக நிறைய நேரம் இருந்தது அன்றைக்குத்தான். அன்று குசினியில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. கொதித்துக்கொண்டே இருந்தது, யாரும் இறக்கவில்லை. பிள்ளை எழும்பப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து இருத்தினேன். அவர் வரும்வரைக்கும் நாங்கள் இருவரும் அசையாமல் இருந்தோம்.